ஹாஸ்டல் வாசலில் என் ஓரகத்தி

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. கோர்வையாக எழுத எனக்கு வராது. மறதியும் உண்டு. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், பின்னால் நடந்ததை முன்னால் சொல்வேன். நாலு பேர் கூடின இடத்தில் பேசவும் வராது, நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அது தெரிந்துதான் ஹாஸ்டல் வார்டன், “நீங்க மேடை ஏற வேண்டாம் ஆச்சி, எழுதிக் குடுங்க போதும். ஹாஸ்டல் மலர்ல போடுதோம். முன்னால பிள்ளைங்க எங்கெங்க தங்கிப் படிச்சுச்சு, எப்படி இருந்துச்சுன்னு இப்ப உள்ளதுகளுக்குத் தெரியணும்லா” என்றார்கள்.

சரி என்று உட்கார்ந்தேன். ஆனால் எங்கே தொடங்கினாலும் என் ஓரகத்தி வந்து நிற்கிறாள். அவளை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.

எங்கள் ஊர்க் கல்லூரிக்கு வரும் பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். புளியங்குடி, கரிவலம்வந்தநல்லூர் பக்கம் என்றால் காலையில் ஏறி சாயங்காலம் வீடு போய்ச் சேரலாம். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு அது நடக்காது. மெயின் ரோட்டில் இறங்கி, ஆளில்லாத தோப்பு வழியே இருட்டில் நடக்க வேண்டும். அவர்களுக்கு மூன்று வழி இருந்தது. ஒன்று, கல்லூரியின் பழைய ஹாஸ்டல். இடம் கொஞ்சம்தான், ரொம்பத் தூரத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிச்சம் இராது. இன்னொன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைகளுக்கு மேலே இருக்கும் லேடீஸ் ஹாஸ்டல். ஆண்கள் ஏறி இறங்கும் அதே படியில் ஏற வேண்டும் என்பதால் தகப்பன்மாருக்கு அது பிடிக்காது. மூன்றாவது, எங்களைப் போன்றவர்களின் வீடு.

எங்கள் வீடு ஒரே வீடாக இருந்து இரண்டானது. அண்ணனும் தம்பியும் பிரிந்தபோது நடுக்கூடத்தில் சுவர் எழுந்தது. கிழக்குப் பாதி என் வீட்டுக்காரருக்கு, மேற்குப் பாதி கொழுந்தனுக்கு. இருவரும் இப்போது இல்லை. இந்தப் பக்கம் நான் மட்டும், அந்தப் பக்கம் கொழுந்தன் பெண்டாட்டியான என் ஓரகத்தி மட்டும். அவளுக்கு மக்கள் உண்டு, எல்லோரும் வெளியூரில். எனக்குப் பிள்ளை இல்லை. நடுச்சுவர் ஒற்றைக்கல் சுவர். நான் இங்கே தும்மினால் அவள் அங்கிருந்து “நூறு” என்பாள்.

அவள் என்னைவிட நாலைந்து வயதுதான் இளையவள். தலைக்கு மை அடிக்கிறாள். அதனால் தங்க வருகிற பிள்ளைகள் எல்லாம் அவளை அத்தை என்பார்கள், என்னை ஆச்சி என்பார்கள். இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

நாங்கள் இரண்டு பேருமே முன்னறையைப் பிள்ளைகளுக்கு விட்டிருந்தோம். என் பக்கத்தில் இன்னின்ன சட்டம் என்று நான் வாய் திறந்து சொன்னதில்லை. பிள்ளைகளாகவே விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவார்கள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார்கள். அவள் பக்கத்தில் சட்டமெல்லாம் தெருவுக்கே கேட்கும், ஆனால் ஒன்றும் நடக்காது. “ஏட்டி, படிக்கிற நேரத்துல டிவி கெடையாது, ஆமா” என்று சத்தம் போட்டுவிட்டு, அவளே சீரியலைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்காரவைத்திருப்பாள். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். நான் இங்கே பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவேன்.

என் பக்கத்துக்கு ஒரு பிள்ளை தங்க வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்று நினைக்கிறேன். வாசுதேவநல்லூருக்கு மேற்கே ஒரு கிராமம். தகப்பனார் ஆடு வளர்க்கிறவர். ஒரு வாளி, ஒரு தலையணை, ஒரு பையோடு கொண்டுவந்து விட்டார். என்னைப் போலவே பேசாத பிள்ளை. முதல் பத்து நாள் நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டியே குடித்தனம் நடத்தினோம். பிறகு அவள் அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து பாடத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். நான் காய் நறுக்குவேன். அவள் படிப்பது வேதியியல். ஒரு வார்த்தை எனக்கு விளங்காது. ஆனால் என் அடுக்களையில் ஒரு குரல் கேட்டது. அது போதாதா?

என் அக்காள் மகன் வாங்கிக் கொடுத்த போனில் அவள்தான் எல்லாப் பேரையும் ஏற்றித் தந்தாள். மணி அடித்தால் விரலால் தேய்த்து எடுத்துப் பேசக் கற்றுக்கொடுத்தாள்.

“பேரு வந்தா எடுங்க ஆச்சி. வெறும் நம்பரா வந்தா எடுக்காதிய. பேங்க்லருந்து பேசுதேன்னு சொல்லுவானுவ. அம்புட்டும் திருட்டுப் பயலுவ.”

“அடிச்சிக்கிட்டே கெடந்தா?”

“கெடந்துட்டுப் போட்டும். கவுத்திப் போட்டுட்டு உங்க வேலயப் பாருங்க.”

நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை என் பக்கத்துப் பிள்ளை என்றாலும் விடுமுறை நாளில் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஓரகத்திக்கு அவள்தான் தலைக்கு மை தடவி விடுவாள். “பின்னால தெரியுதா பாரு மக்கா, காதுப் பக்கம் விட்டுட்டியே” என்று ஓரகத்தி சொல்ல, பிள்ளை சிரிக்க, ஒரு மணி நேரம் அந்தக் கூத்து நடக்கும். என் தலையில் அவளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. முழு வெள்ளை. நானும் மை அடிக்கலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். இந்த வயதில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் கல்லூரியில் புது ஹாஸ்டல் கட்டி முடித்தார்கள். வார்டனும் இன்னொரு டீச்சரும் தெருவில் வீடு வீடாக வந்தார்கள். இனிமேல் வெளியூர்ப் பிள்ளைகள் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும், இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டில். வாடகை அறைக்குக் கல்லூரி சம்மதிக்காது. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஓரகத்தி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

“ஏன் மேடம், எங்க வீட்டுல புலி சிங்கமா வளக்கோம்?”

“அப்படி இல்லம்மா. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஒண்ணுன்னா காலேஜத்தான கேப்பாங்க.”

“இத்தன வருசமா ஒண்ணும் ஆகலியே. எங்க அக்காட்ட வேணா கேளுங்க. அக்கா, சொல்லேன்!”

எல்லோரும் என் கதவைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இப்போது நினைவில்லை.

விடுமுறை முடிந்து பிள்ளையின் தகப்பனார் சாமான்களை எடுத்துப் போக வந்தார். ஹாஸ்டல் சட்டங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு மணிக்குக் கேட்டை அடைத்துவிடுவார்களாம். போனை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும், சாயங்காலம் ஒரு மணி நேரம் கையில் தருவார்களாம். இஸ்திரிப் பெட்டி கூடாது. வெளியிலிருந்து சாப்பாட்டுச் சாமான் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வெளியே வரலாம். ஆனால் உள்ளூரில் கார்டியன் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவர் படம் ஒட்டின அட்டை ஹாஸ்டலில் இருக்கும். படத்தில் உள்ள ஆள் நேரில் வந்து நின்றால்தான் பிள்ளையை விடுவார்கள். பெற்ற தகப்பன் தூரத்தில் இருக்கிறவன், வாராவாரம் வர முடியுமா?

“உங்க நம்பரயும் பக்கத்து வீட்டம்மா நம்பரயும் குடுக்கப் போறேன் ஆச்சி. ஹாஸ்டல்லருந்து பேசிப் பாப்பாங்களாம். பேசிட்டு, படத்தக் கொண்டாங்கன்னு சொல்லுவாங்களாம்” என்றார் அவர்.

அவர் போன மறுநாளே நான் ஸ்டூடியோவுக்குப் போனேன். ஆதார் அட்டைக்குப் பிறகு படத்துக்கு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அந்தத் தம்பி, “கொஞ்சம் சிரிங்க ஆச்சி” என்றான். சிரித்தேன். “இவ்வளவு வேண்டாம்” என்றான். படத்தைக் கவரில் போட்டுச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, ஹாஸ்டல் கூப்பிடும் கூப்பிடும் என்று காத்திருந்தேன்.

கூப்பிட்டது. எனக்கில்லை. ஒரு நாள் மத்தியானம் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“எக்கா! எக்கோவ்! கேட்டியா சங்கதிய? என்னயத்தான் கார்டியனாப் போட்டிருக்கு அந்தப் பிள்ள. போட்டோ குடுத்துட்டு இப்பத்தான் வாரேன்.”

“ம்” என்றேன்.

“வார்டன் நாற்காலி போட்டு உக்கார வச்சு, காப்பி குடுத்தாங்க. ‘நீங்கதான் இனிமே இந்தப் பிள்ளைக்கு அம்மா மாதிரி’ன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிட்டு, பாத்துக்கோ.”

“நல்லது.”

“உனக்கு என்னக்கா, வெயில்ல அலைய வேண்டாம். நிம்மதியா இரு.”

ஒரு வருஷம் என் அடுக்களையில் சாப்பிட்ட பிள்ளை. காய்ச்சல் வந்தபோது நான்தான் நெற்றியில் பத்துப் போட்டேன். அவள் போய்த் தலைக்கு மை தடவி விட்ட என் ஓரகத்தி ‘அம்மா மாதிரி’. நான் நிம்மதியாக இருக்க வேண்டும்! அன்றைக்கு நான் அரிசி களைந்த தண்ணீரை எங்கே ஊற்றினேன் என்றே தெரியவில்லை. சோறு வடிக்க மறந்து குழைந்துபோனது. அந்தப் பக்கத்திலிருந்து கூட்டுக்குத் தாளிக்கும் வாசனை வந்தது. அந்த வாசனைகூட எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்குக் கஷ்டம்தான். ஓரகத்தி காலையிலேயே இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். தெருவில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், “ஹாஸ்டலுக்குப் போறேன், நான் போய் நின்னாத்தான் கேட்டைத் தொறப்பாங்க” என்பாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வருவார்கள். செருப்புச் சத்தம் என் வாசலில் ஒரு நொடி நிற்கும். அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்து, “நல்லாருக்கியளா ஆச்சி?” என்பாள். “இருக்கேன்” என்பேன். அவள் இன்னும் ஏதோ கேட்கிறாற்போல நிற்பாள். நான் முறத்தைப் பார்ப்பேன். பிறகு அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஏன் என் பேரைக் கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாய் வந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

பகல் முழுக்கச் சுவரோடு காதை வைத்துக்கொள்ளாத குறை. “மெஸ்ஸுல சாம்பார் எப்படிட்டி?” “தண்ணியா இருக்கு அத்தை.” “அப்ப இந்தா, இன்னும் ரெண்டு தோசை தின்னு.” என் கையால் தோசை தின்ற பிள்ளைதானே என்று நினைத்துக்கொள்வேன். அவள் தோசை முறுகலாக வரும். என்னுடையது அவ்வளவு வராது. அதையும் நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், புளியங்குடி எலுமிச்சங்காயில் போட்ட ஊறுகாயை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு நானே ஹாஸ்டலுக்குப் போனேன். அன்று வாரநாள். கேட்டில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“யாரப் பாக்கணும்?”

பிள்ளையின் பேரையும் வகுப்பையும் சொன்னேன்.

“அட்டையில உங்க படம் இருக்கா?”

“இல்ல அண்ணாச்சி. படம் பையில இருக்கு.”

“பையில இருந்தா உங்களுக்கு. அட்டையில இருந்தாத்தான் எங்களுக்கு. அது என்ன பாட்டிலு?”

“ஊறுகா.”

“அதுவும் கூடாதே ஆச்சி. போன மாசம் ஒரு பிள்ளைக்கு அவங்க மாமா அதிரசம் கொண்டாந்து, அறை பூரா எறும்பு. அதுலருந்து, ஒரு பண்டமும் உள்ள போகக் கூடாதுன்னு திரும்பவும் கண்டிப்பான ஆர்டர்.” பிறகு குரலைத் தணித்து, “எலுமிச்சங்காயா, நார்த்தங்காயா?” என்றார்.

பாட்டிலை அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பும்போது ஓரகத்தி தெருமுனையில் பால் வாங்கிக்கொண்டிருந்தாள். எங்கே போய் வருகிறாய் என்று கேட்டாள். கோயிலுக்கு என்றேன். நெற்றியில் திருநீறு இல்லை. அவள் என் நெற்றியையே பார்த்தாள்.

ஆடி பிறந்து, எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற நாட்கள் என்பதால், அந்த நாட்களில் கோயிலைச் சுற்றுகிறவர்களின் கால் நோவை அவளே வாங்கிக்கொள்வாள் என்று எங்கள் ஊரில் நம்பிக்கை. ஆடிச்சுற்று என்போம். வேண்டுதல் வைத்தவர்கள் கணக்கு வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கூட்டத்துக்குப் பயந்து ஹாஸ்டலில் சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள்: கார்டியன் வந்து கையோடு கூட்டிப்போய்க் கையோடு கொண்டுவிட வேண்டும், பிள்ளைகள் தனியாகக் கோயிலுக்குப் போகக் கூடாது.

அந்தப் பிள்ளை சுற்றுவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரிந்ததே சுவர் வழியாகத்தான். சனிக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் கையில் போன் கொடுக்கிற நேரத்தில், ஓரகத்தி பேசுவது கேட்டது. அவள் வீட்டில் மகளும் மருமகனும் சம்பந்தகாரர்களும் தபசுக்கு வந்து நிறைந்திருந்தார்கள்.

“நாளைக்கு எப்படி வருவேன் மக்கா? வீட்டுல எம்புட்டு ஆளு! ... நேந்துக்கிட்டியா? அதுக்கு என்ன, தபசு அன்னைக்குப் பாத்துக்கிடலாம் ... ஆமா, கூட்டந்தான் ... அழாதட்டி, சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது.”

தபசு அன்றைக்குச் சுற்றுவதாவது, நிற்கவே இடம் இராது. அவள் இந்த ஊரிலேயே இருக்கிறவள், அவளுக்குத் தெரியாதா? எனக்குப் பிள்ளையை நினைத்து வருத்தமாக இருந்தது என்று எழுதினால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அவள் தவறவிட்டாள் என்கிற சந்தோஷம். நான் ஞாயிறு காலையில் குளித்து, திருநீறு பூசி, அவள் எழுந்து வெளியே வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்தார். “ஊறுகா அருமை ஆச்சி. ஆனா உள்ள விட முடியாது.”

“நான் பிள்ளையப் பாக்க வரல. வார்டனப் பாக்கணும்.”

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம். அவர் உள்ளே கூட்டிப்போனார். வார்டன் அன்று என்னைக் கதவுக்குப் பின்னால் பார்த்ததை மறந்திருந்தார்கள். எந்தப் பிள்ளைக்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார்கள். சொன்னேன். என் வீட்டில் ஒரு வருஷம் இருந்த பிள்ளை என்றும் சொன்னேன்.

“அந்த ஆச்சி நீங்கதானா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “அவங்க அப்பா உங்க நம்பரத்தான மொதல்ல குடுத்தாரு! பிள்ளையும் ‘எங்க ஆச்சிதான் வருவாங்க’ன்னு அடிச்சுச் சொன்னா. நாங்க எத்தன தடவ போன் அடிச்சோம் தெரியுமா? ஒரு தடவகூட எடுக்கலியே நீங்க. விருப்பம் இல்லபோலன்னு அடுத்த நம்பருக்கு அடிச்சோம். அவங்க மொத மணியிலயே எடுத்துட்டாங்க.”

அந்த நாட்களில் போன் அடித்துக்கொண்டேதான் கிடந்தது. வெறும் நம்பர். கவிழ்த்துப் போட்டேன். படத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஹாஸ்டல் எப்போது கூப்பிடும் என்று காத்திருந்த அதே நாட்களில்!

“பேரு வந்தாத்தான் எடுப்பேன்” என்றேன். வேறு என்ன சொல்வது?

வார்டன் பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் வந்து என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏம்மா, இவங்க ஏன் போன எடுக்கலன்னு கேட்டியா?”

“இல்ல மேடம். ஆச்சிக்கு என்னக் கூட்டிட்டுப் போக இஷ்டமில்லன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவாங்கன்னு கேக்கல.”

“வெறும் நம்பர் வந்தா எடுக்கக் கூடாதுன்னு யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நாந்தான் மேடம்” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடிக்கு முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அட்டையில் இரண்டு பேர் படம் ஒட்டலாம், ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்றார்கள் வார்டன். தகப்பனாருக்குப் போன் போட்டார்கள். ஆட்டுச் சத்தத்துக்கு நடுவில் அவர், “ஆச்சிதான? தாராளமாப் போடுங்க” என்று கத்தினது எனக்கே கேட்டது. “சரி, உங்க நம்பரையும் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்” என்று வார்டன் ஆபீஸ் போனிலிருந்து அடித்தார்கள். என் பைக்குள் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். வெறும் நம்பர். கை போகவில்லை.

“எடுங்க ஆச்சி!” என்றாள் பிள்ளை.

“பேரு வரலியே.”

“மேடம் உங்க முன்னாலதான் உக்காந்திருக்காங்க!”

தேய்த்துக் காதில் வைத்தேன். “அலோ, நான் வார்டன் பேசுதேன்” என்றார்கள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “நல்லாருக்கியளா?” என்று கேட்டேன். வாசலில் நின்ற வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

படத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒட்டினார்கள். முதலில் ஓரகத்தி, அவளுக்குக் கீழே நான். அந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நான். எந்தக் காரியத்திலும் என் பேரைச் சொல்லிவிட்டுத்தான் அவள் பேரைச் சொல்வார்கள். இந்த அட்டையில் மட்டும் அவள் தலைக்குக் கீழே என் தலை. அவள் படத்தில் மை பளபளவென்று இருந்தது. இடத்தை மாற்ற முடியுமா என்று கேட்க நினைத்தேன். வார்டன் பசை பாட்டிலை மூடிவிட்டார்கள்.

ஆனாலும் அன்றைக்குப் பிள்ளை என்னோடு வந்தாள். அதை யாரும் மறுக்க முடியாது. கோயில் பிராகாரத்தில் எள் போட்டால் விழாது. அவள் பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு ஓட்டமும் நடையுமாகச் சுற்ற ஆரம்பித்தாள். எனக்கு அவ்வளவு நடக்க முடியாது. ஒரு தூண் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடக்கும்போது, “இருக்கியளா ஆச்சி?” என்று கேட்டுக்கொண்டே போனாள். “இருக்கேன், இருக்கேன்” என்று நானும் சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மாள், “பேத்தியா?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு யார் மீதும் எந்தக் குறையும் இல்லை.

முடித்துவிட்டு வேர்த்து வடிய வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். முந்தானையால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டேன்.

“என்ன வேண்டுதல்டி? பரீட்சைக்கா?”

“இல்ல ஆச்சி. அத்தைக்கு முட்டு வலி தாங்க முடியல. வாராவாரம் எனக்காக நடந்து வாராங்கள்லா. அது சரியாகணும்னு நேந்துக்கிட்டேன்.”

முந்தானை என் கையிலேயே நின்றுவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, வார்டனோடு பேசி, படம் ஒட்டி, தூணோடு தூணாக உட்கார்ந்திருந்தது அவளுடைய முட்டுக்காகவா? என் வாழ்நாளில் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு வாயில் வந்துவிட்டது.

“எனக்குந்தான் முட்டு வலிக்கி.”

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, பாவாடையைத் திரும்பவும் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். களைத்துப்போன பிள்ளை. “ஏட்டி வேண்டாம், வா” என்று நான் கூப்பிட்டேன். கூப்பிட்டேனே தவிர, சத்தமாகக் கூப்பிடவில்லை. எத்தனை சுற்று சுற்றினாள் என்று நான் எண்ணினேன். ஓரகத்திக்குச் சுற்றினதைவிடக் குறைவுதான்.

கேட் அடைக்கும் முன்னால் கொண்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “ராத்திரி நல்லாத் தூங்குனேன்ளா. முட்டு வலி பாதி கொறஞ்சாப்புல இருக்கு.” எனக்குக் குறையவில்லை. தூணடியில் உட்கார்ந்ததில் கொஞ்சம் கூடியிருந்தது.

எழுதி முடித்ததைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கேட் அடைப்பது ஆறு மணியா ஆறரையா, போன் கொடுப்பது ஒரு மணி நேரம்தானா, அட்டையில் முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று உண்மையிலேயே சட்டம் உண்டா அல்லது இடம் இருந்தபடி ஒட்டினார்களா என்பதெல்லாம் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. புது ஹாஸ்டல் திறந்த வருஷத்தையும் யாராவது பார்த்துத் திருத்தவும். வார்டன் பார்த்தால் நல்லது, அந்தப் பிள்ளை பார்த்தாலும் சரி. என் ஓரகத்தியிடம் மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அவளிடம் கேட்டால் எல்லாவற்றையும் அவள் பக்கமாகவே சொல்லிவிடுவாள்.